கயிறு இறுகினால் தளரும் கை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீர்ச்சறுக்குப் பலகையில் நான் ஒருநாளும் கால் வைத்ததில்லை. படகு ஓட்டியவன் நான், அவ்வளவுதான். அதையும் ஒழுங்காக ஓட்டவில்லை என்பதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். யாரும் கேட்கவில்லை. கேட்காமலேயே பேசுகிற ஆள் நான். பேச வேண்டிய நேரத்தில் மட்டும் வாய் அடைத்துக்கொள்ளும்.

எனக்குத் திருவொற்றியூர், கடலோரக் குப்பம். இருபது வருஷம் ஃபைபர் படகில் இன்ஜின் பிடித்தேன். இடுப்பு விட்டுப்போன பிறகு காசிமேட்டில் அவுட்போர்டு மெக்கானிக் ஆனேன். படகின் வாலில் தொங்குகிற இன்ஜினைத்தான் அவுட்போர்டு என்கிறோம். எங்கள் படகுகளுக்கு ஒன்பது, பத்துக் குதிரைத்திறன் இருந்தால் போதும். எண்ணூர் கழிமுகத்தில் நீர்ச்சறுக்கு சங்கம் ஒன்று இருந்தது. அவர்கள் எங்கிருந்தோ பழையதாக ஒரு பெர்ஃபாமன்ஸ் போட், வேகத்துக்கென்றே செய்த படகு, வாங்கி வந்தார்கள். வெள்ளை உடம்பு, தாழ்ந்த மூக்கு, பின்னால் நூற்றைம்பது குதிரை. ஸ்டார்ட் ஆகவில்லை என்று என்னைக் கூப்பிட்டார்கள். பெட்ரோல் பம்பை மாற்றி, தண்ணீரில் இறக்கி, வேகக் கைப்பிடியை முன்னால் தள்ளினேன். மூக்கு ஒரு நொடி தூக்கியது. அப்புறம் படகு தண்ணீர்மேல் படிந்து பறந்தது. அன்றைக்கே எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. மெக்கானிக்காகப் போனவன் டிரைவராகத்தான் வீடு திரும்பினேன்.

சங்கத்துக்காரர்கள் பழகியது ஸ்லாலம். தண்ணீரில் ஆறு பந்துகள் மிதக்கும், இடப்பக்கம் மூன்று, வலப்பக்கம் மூன்று. படகு நடுவில் நூல் பிடித்தாற்போல் நேராகப் போகவேண்டும். வேகம் கூடவும் கூடாது, குறையவும் கூடாது. பின்னால் கயிற்றைப் பிடித்து ஒற்றைப் பலகையில் வருகிறவர் இப்படியும் அப்படியும் வெட்டி, ஆறு பந்துகளையும் வெளிப்பக்கமாகச் சுற்றி வரவேண்டும். மணிக்கு ஐம்பத்தைந்து கிலோமீட்டரில் போனால், நுழைவிலிருந்து முடிவு வரை பதினேழு நொடிக்கு ஒரு துளி குறைவு. அதற்குள் ஆறு தரம் ஒரு மனிதர் தன் உடம்பையும் படகையும் சேர்த்து இழுக்கிறார்.

இதற்கென்றே செய்கிற படகுகளில் இன்ஜின் நடுவயிற்றில் இருக்கும். யார் எப்படி இழுத்தாலும் அசையாது. எங்களுடையதில் கனமெல்லாம் வாலில். சறுக்குபவர் வெட்டுகிற பக்கம் வால் போகும், மூக்கு எதிர்ப்பக்கம் திரும்பும். அதனால் இழுப்பு வருவதற்கு அரை நொடி முன்னாலேயே ஸ்டியரிங்கை இம்மியளவு திருப்பி வைத்துக்கொள்ளவேண்டும். “அவுட்போர்டுல ஸ்லாலமா? விளங்கின மாதிரிதான்” என்றார் ஓர் உறுப்பினர். வந்த கோபத்தில் இரண்டு மாதம் அதே வேலையாக இருந்தேன். இழுவை கிடைக்க மூன்று இலை புரொப்பெல்லரைக் கழற்றி நாலு இலை போட்டேன். இன்ஜினை எந்த அளவு சாய்த்தால் படகு விட்டுப்போகிற அலை அடங்குகிறது என்று ஒவ்வொரு நாளும் பார்த்துக் குறித்தேன். கடைசியில் படகு நான் சொன்ன பேச்சைக் கேட்டது. விளங்காது என்று சொன்னவரே என்னிடம் வந்து, நேரம் சொல்லி, இழுத்துக்கொண்டு போகச் சொன்னார். எனக்குத் தலைக்கனம் ஏறியது. இல்லை என்று சொன்னால் பொய்.

இனி அந்தப் பெண். இராயபுரத்துக்காரி, அப்போது முப்பது வயது. அப்பா ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். பாரிமுனையில் சரக்கு கிளியரிங் அலுவலகம் ஒன்றில் அவளுக்கு வேலை. அந்த முதலாளி சங்கத்தில் உறுப்பினர். ஒருநாள் அலுவலக ஆட்களை எல்லாம் வேடிக்கைக்கு எண்ணூருக்குக் கூட்டிவந்தார். மற்றவர்கள் கழிமுகத்துத் தண்ணீரை வயிறு நிறையக் குடித்துக்கொண்டிருக்க, இவள் முதல் இழுப்பிலேயே எழுந்து நின்றாள். அன்றிலிருந்து அவளுக்கு ஞாயிறு காலைப் பூசை மாலைப் பூசையாயிற்று. என் மனைவிக்கும் அதே மாதா கோயில்தான் என்று தெரிந்ததும் நான் அண்ணன் ஆனேன். எங்கள் வீட்டில் நண்டு வைத்தால் அவளுக்கு ஒரு டப்பா தனியாகப் போகும்.

மாநில அணியில் பெண்களுக்கு ஒரே ஓர் இடம். போட்டியிட மூன்று பேர். ஐம்பத்தைந்து வேகத்தில் ஆறு பந்தும் எடுத்தால் அந்த இடம் அவளுக்கு. அதற்கு முந்தின வருஷம், இதே படகின் பின்னால், நான் இழுக்கும்போதுதான் அவள் விழுந்து வலது தோள் கழன்றது. தண்ணீரிலிருந்து தூக்கும்போது அவள் போட்ட சத்தம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. எட்டு மாதம் பலகையைத் தொடவில்லை. திரும்பி வந்தவள் என்னிடம் தெளிவாகச் சொன்னாள்.

“இந்த வாட்டி பார்ப்பேண்ணே. ஒடம்பு கேக்கலன்னா உட்டுட வேண்டியதுதான். கட்டிக்கினு அழ முடியாது.”

குறைந்த வேகங்களில் ஆறும் சுலபமாக எடுத்தாள். ஐம்பத்தைந்துக்குப் போனால் நாலாவது பந்தில் விழுந்தாள். மறுவாரம், நாலில். அதற்கடுத்த வாரம், மூன்றைத் தாண்டி நாலுக்குப் போகும் வழியில். சங்கத்தில் எல்லாரும் ஒரே குரலில் தோள் என்றார்கள். அவளும் தோள் என்றாள். நானும் தலையாட்டினேன். படகு மேல் சந்தேகப்பட வழியே இல்லை. என் மச்சான், மனைவியின் தம்பி, துறைமுகத்தில் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவன், ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் படகில் பின்னால் பார்த்து உட்காருவான். சறுக்குபவர் விழுந்தால் சொல்ல ஓர் ஆள் கட்டாயம் வேண்டும். அவனிடம்தான் ஸ்டாப்வாட்ச். அவள் விழுந்த பிறகும் நான் வரிசையை முடித்துத்தான் திரும்புவேன், நேரம் தெரியவேண்டும் என்று. ஒவ்வொரு தரமும் பதினேழுக்கு ஒரு துளி குறைவு. “மாமா, மணி கரெக்டா கீது” என்பான். நான் சிரித்துக்கொள்வேன்.

அவன் போனில் அவளைப் படம் பிடித்து அனுப்புவான். அணித் தேர்வுக்குப் பத்து நாள் இருந்தபோது, கடையில் டீயை வைத்துக்கொண்டு அந்த வீடியோவைப் போட்டேன். எதிரே நின்ற லாரியின் கண்ணாடியில் பட்ட வெயில் போனில் அடித்து, திரை தெரியவில்லை. அதனால் போனைக் காதோடு வைத்துக் கேட்டேன். படகில் காற்றுச் சத்தத்தில் கேட்காத ஒன்று அதில் கேட்டது. இன்ஜின் சத்தம் ஒவ்வொரு பந்துக்கும் பிறகு கொஞ்சம் இறங்கி, உடனே ஏறியது. இறங்கி, ஏறியது.

எனக்கு முதலில் வந்தது எரிச்சல். பில்டர் அடைத்திருக்கிறது என்று மாற்றினேன். பிளக்குகளைப் பார்த்தேன், பெட்ரோல் குழாயைப் பார்த்தேன். எல்லாம் சுத்தமாக இருந்தது. அப்புறம் அந்த உறுப்பினரை, விளங்காது என்றவரை, இழுத்தபோது எடுத்த வீடியோவைக் கேட்டேன். தொண்ணூறு கிலோ ஆள், அவளைவிட முரட்டுத்தனமாக இழுப்பவர். இன்ஜின் சத்தம் ஆரம்பம் முதல் கடைசி வரை ஒரே சீராக இருந்தது. அதே இன்ஜின், அதே புரொப்பெல்லர். அவளுக்கு மட்டும் இறங்குகிறது.

இன்ஜின் இல்லை, என் கை. கடலில் வலைக்கயிறு திடீரென்று இறுகினால் இன்ஜின் பிடிக்கிறவன் யோசிக்கமாட்டான். கை தானாக வேகத்தைக் குறைக்கும். வலை எதிலாவது மாட்டியிருக்கும், இழுத்தால் கிழியும். அதைவிட மோசம், கயிற்றைப் பிடித்திருப்பவன் நம் தம்பியோ சித்தப்பாவோ, அவன் தண்ணீருக்குள் போய்விடுவான். இருபது வருஷம் அப்படித்தான் பிடித்தேன். கிளப்பு ஆட்களை இழுக்கும்போது அந்தப் பழக்கம் எனக்கு வரவில்லை. கயிற்று முனையில் யாரோ ஒருவர், போகட்டும். அவளுக்கு மட்டும், அதுவும் தோள் கழன்ற நாளுக்குப் பிறகு, கயிறு இறுகும்போதெல்லாம் கை பின்னால் வந்திருக்கிறது. உடனே சுதாரித்து முன்னால் தள்ளியிருக்கிறேன், எனக்கே தெரியாமல். அதனால்தான் மொத்த நேரம் சரியாக வந்தது. அவளுக்கோ பாதி வெட்டில் கயிறு தொய்ந்து, அடுத்த நொடி வெடுக்கென்று இழுத்திருக்கும். மூன்று முறை அதைச் சமாளித்துவிட்டு நாலாவதில் விழுகிறாள். தோளைப் பாதுகாக்கிறேன் என்று தோளையே போட்டு உலுக்கிக்கொண்டிருந்தேன்.

அன்றே அவளுக்குப் போன் செய்திருக்கவேண்டும். செய்யவில்லை. காரணம் கேவலமானது. சொன்னால் டிரைவரை மாற்றுவார்கள். சங்கத்தின் செயலாளரும் ஓட்டுவார், பாரிமுனையில் ஆட்டோவுக்கும் மீன்பாடி வண்டிக்கும் நடுவே பஸ்ஸை நுழைக்கிற மாதிரி. அவரிடம் ஸ்டியரிங்கைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. பத்து நாள் இருக்கிறதே, நானே சரிசெய்துகொள்வேன், யாருக்கும் தெரியவேண்டாம் என்று பூசி மெழுகினேன்.

வேகக் கைப்பிடியின் பெட்டியில் ஒரு ஸ்க்ரூ உண்டு. அதை முறுக்கினால் கைப்பிடி இறுகும், லேசில் நகராது. முழுக்க முறுக்கிவிட்டேன். அந்த ஞாயிறு அவள் ஐந்து பந்து எடுத்தாள். தேர்வுக்கு முந்தின நாள் ஐந்தரை. ஆறாவதைச் சுற்றிவிட்டு, படகின் அலைக்குத் திரும்புமுன் கயிற்றை விட்டாள், அதனால் அதற்குப் பாதிதான் கணக்கு. ஈர முகத்தோடு படகோரம் தொற்றிக்கொண்டு சிரித்தாள்.

“இன்னாண்ணே, தோளு வந்துடுச்சு போல கீது.”

“வரும்மா. நாளிக்கு ஆறு.”

அதைச் சொல்லும்போது எனக்கே என் முகத்தைப் பார்க்கப் பிடித்திருக்காது.

தேர்வுக் காலை, கடல்காற்று எழும்புமுன், ஓதம் ஏறிக் கழிமுகம் நிறைந்திருந்தது. தண்ணீர் அசையாமல் கிடந்தது. வெளியூரிலிருந்து வந்த நடுவர், கண்ணாடி போட்ட அமைதியான மனிதர், முதலில் படகைச் சோதித்தார். கைப்பிடியைத் தள்ளிப் பார்த்தவர் நிமிர்ந்தார்.

“இது ஏன் இவ்வளவு டைட்டா இருக்கு? யாராவது விழுந்தா எப்படி உடனே குறைப்பீங்க?”

அவர் கேட்டதில் தப்பே இல்லை. தளர்த்தச் சொன்னார், தளர்த்தினேன். ஸ்க்ரூடிரைவர் கையில் இருந்தது, அவர் ஓரடி தூரத்தில் நின்றார், அவள் படித்துறையில் கையுறையைப் பல்லால் இழுத்து மாட்டிக்கொண்டிருந்தாள். அந்த நேரத்திலாவது சொல்லியிருக்கலாம். முடியும் முடியும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன்.

மற்ற இரண்டு பெண்களும் முதலில் போனார்கள். ஐம்பத்தைந்து வேகத்தில் ஒருத்தி மூன்று, இன்னொருத்தி ஐந்து. அப்படியானால் இவளுக்கு ஆறு வேண்டும். நாற்பத்தொன்பதில் சுத்தமாக எடுத்தாள். ஐம்பத்திரண்டிலும் எடுத்தாள். மச்சான் பின்னால் பார்த்து, போனில் படம் பிடித்தபடி “சூப்பர், சூப்பர்” என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தான். நடுவர் அவன் பக்கத்தில் ஸ்டாப்வாட்சுடன். ஐம்பத்தைந்து. என் கண் முன்னால், காது பின்னால், எண்ணமெல்லாம் வலது கையில். முதல் பந்து, கை நின்றது. இரண்டாவது, நின்றது. மூன்றாவதைச் சுற்றி அவள் முழு எடையையும் கயிற்றில் போட்டாள். படகு ஒரு தரம் முனகியது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே என் கை பின்னால் வந்தது. உடனே தள்ளினேன். மச்சான் “விழுந்துட்டாங்க” என்றான்.

படகைத் திருப்பி, அவளிடம் போய் நிறுத்தினேன். இன்ஜினை அணைத்துவிட்டு நடுவரிடம் சொன்னேன்.

“சார், இது டிரைவர் தப்பு. நான் ஸ்பீடைக் குறைச்சுட்டேன். அவங்களுக்கு இன்னொரு சான்ஸ் குடுக்கணும்.”

அவர் கையிலிருந்த ஸ்டாப்வாட்சைக் காட்டினார். நான் வரிசையை முடித்திருந்தேன், பழக்கதோஷம். பதினேழுக்கு ஒரு துளி குறைவு.

“நேரம் துல்லியமா இருக்கே.”

“நடுவுல குறையுது சார், உடனே ஏத்திடறேன். அதனால கூட்டிப் பார்த்தா சரியா வரும். வீடியோ கீது, சத்தத்தைக் கேளுங்க.”

கேட்டார். பொறுமையாக, இரண்டு தரம். காற்றுச் சத்தம்தான் அதிகமாகக் கேட்கிறது என்றார். பிறகு என் தோளில் கை வைத்தார். “உங்க ஏரியாப் பொண்ணு. புரியுது. ஆனா மணி சரியா இருந்தா மறுவாய்ப்பு கிடையாது, அதுதான் விதி.” அவர் நல்ல மனுஷர். நான் அவளைக் காப்பாற்றப் பொய் சொல்கிறேன் என்று நினைத்தார். மச்சானும் அப்படியே நினைத்தான் போலிருக்கிறது. என்னைப் பெருமையாகப் பார்த்தான். அந்தப் பார்வையை என்னால் தாங்கமுடியவில்லை.

நான் சொன்னதை நம்பியது அவள் ஒருத்திதான். பலகையை நெஞ்சோடு அணைத்தபடி தண்ணீரில் மிதந்துகொண்டு எல்லாவற்றையும் கேட்டாள்.

“கயிறு தொங்குறது எனக்குத் தெரியும்ணே. நான்தான் லேட்டா வெட்றேன்னு நெனச்சுகினு இருந்தேன்.”

“இல்லம்மா. நான்தான்.”

“இது உங்களுக்கு எப்போ தெரியும்?”

பேசாமல் இருந்திருக்கலாம். இப்போதுதான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். அதற்கு மேல் பொய் சொல்ல என்னிடம் தெம்பு இல்லை.

“பத்து நாளா.”

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை. படகில் ஏற நான் நீட்டிய கையைப் பிடிக்காமல், பலகையை முன்னால் தள்ளியபடி கரைவரை நீந்தியே போனாள். ஐந்து எடுத்த பெண்ணுக்கு இடம் கிடைத்தது. அவளும் நன்றாகத்தான் சறுக்கினாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

மறுநாள் செயலாளரிடம் போய், இனி நான் மெக்கானிக் மட்டும்தான் என்றேன். அவர் காரணம் கேட்டார், சொன்னேன். அவரும் நம்பவில்லை, இடுப்பு வலிதானே என்று கேட்டுவிட்டு அவரே பதிலும் சொல்லிக்கொண்டார்.

மூன்று வாரம் கழித்து, எண்ணெய் மாற்றுவதற்காக எண்ணூர் போயிருந்தேன். படகு தண்ணீரில் இருந்தது, ஸ்டியரிங்கில் செயலாளர். பின்னால் அவள். படித்துறையில் உட்கார்ந்து பார்த்தேன். அவர் ஓட்டம் சகிக்கவில்லை. நடுக்கோட்டை விட்டு இடப்பக்கம் ஒதுங்கினார், மூக்கு ஆடியது, ஒரு பந்தைக் கிட்டத்தட்ட உரசினார். ஆனால் கைப்பிடியை வைத்த இடத்திலிருந்து அவர் அசைக்கவில்லை. அவருக்கு அந்தப் பழக்கமே கிடையாது. இன்ஜின் ஒரே சத்தத்தில் போயிற்று. அவள் மூன்றைச் சுற்றினாள், நாலைச் சுற்றினாள், ஐந்து, ஆறு. முடிவு வாசலைத் தாண்டி, கயிற்றை விட்டு, மெதுவாகத் தண்ணீருக்குள் அமிழ்ந்தாள். மாநில அணி அதற்கு முந்தின வாரமே போட்டிக்கு ரயிலேறிப் போய்விட்டிருந்தது.

எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதோடு சேர்ந்து பொறாமையும் வந்தது, அவமானமும் வந்தது. எது முதலில் வந்தது என்று கேட்டால் தெரியாது.

அவள் படியேறி வந்தாள். டிரம்மிலிருந்து நல்ல தண்ணீர் மொண்டு தலையில் ஊற்றி, கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகுதான் என்னைப் பார்த்தாள். போய்விடுவாள் என்று நினைத்தேன். நின்றாள். வலது கையைத் தலைக்கு மேலே உயர்த்தி, முழுசாக ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டிவிட்டுக் கீழே இறக்கினாள்.

“தோளு நல்லாத்தாண்ணே கீது,” என்றாள். “எப்பவுமே நல்லாத்தான் இருந்துச்சு.”